மடியில் ஒரு பெயர்ப்பலகை

மகத்தான இசைக்கருவிகள் எல்லாம் மனித குலத்தின் ஆறாத துயரங்களிலிருந்தே பிறந்திருக்கின்றன. இந்தக் கருவியும் அப்படித்தான் பிறந்தது. துயரம் என்னவென்றால், நகர நீர்வழங்கல் அலுவலகத்தின் மேலாளர்கள் பெயர்ப்பலகையில் ஒருவருடைய பெயர் எழுதாமல் விட்டுப்போனது. அந்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அதே பலகையைச் சாப்பாட்டு மேசைமேல் குறுக்கே கிடத்தி, அது ஆடாமல் இருக்க ஒரு முனையில் இஸ்திரிப் பெட்டியையும் மறு முனையில் தன் மனைவியையும் வைத்துவிட்டு, ரம்பத்தைக் கையில் எடுத்தார்.

"எவ்வளவு நேரம் நான் இப்படியே உக்காந்திருக்கணும்?" என்றாள் மனைவி.

"அறுத்து முடிக்கிற வரைக்கும்."

"ஒரு டீ போட்டுட்டு வந்து உக்கார்றேனே."

"எழுந்திரிக்காத. பலகை அந்தப் பக்கம் தூக்கிரும்."

"கல்யாணம் ஆன நாள்லருந்து அதான் என் வேலை. ஏதோ ஒரு பக்கம் தூக்காம அழுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. 'பொறுப்பு' என்றால்தான் தெரியும். முன்பு ஒரு மேலாளர் காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அடுத்தவரை அனுப்பி வைப்பதற்கு மேலிடத்துக்குப் பதினோரு மாதம் பிடித்தது. அதுவரை தலைமை எழுத்தராக இருந்த இவரைத்தான் மேலாளர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவர் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அதன் பக்கத்தில் தன்னுடைய பழைய நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அதில் உட்கார்ந்துதான் எல்லாக் கடிதங்களிலும் கையெழுத்திட்டார். கையெழுத்துக்குக் கீழே 'மேலாளர்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று எழுதுவார். அந்தப் பதினோரு மாதத்தில்தான் ஊரின் பிரதானக் குழாய் வெடித்தது. மூன்று நாள் முழங்கால் சேற்றில் நின்று, குழாய் பொருத்துகிறவர்களுக்கு விளக்குப் பிடித்து, நாலாம் நாள் காலை ஊருக்குத் தண்ணீர் விட்டபோது அவருக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல். பிறகு புதிய மேலாளர் வந்தார். வந்த மறு வாரமே பெயர்ப்பலகையில் அவர் பெயர் தங்க எழுத்தில் ஏறிவிட்டது. இறந்துபோனவருடைய கடைசித் தேதிக்கும் புதியவருடைய முதல் தேதிக்கும் நடுவில் பதினோரு மாதம், யாரும் விடாமலே ஊர் தானாகத் தண்ணீர் குடித்ததுபோல, காலியாகக் கிடந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு, அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போகிறது, பலகையும் புதிதாக எழுதப்படுகிறது என்று கேள்விப்பட்டு, பொறுப்பு ஒரு விண்ணப்பம் போட்டார். மூன்று பக்கம், ஏழு இணைப்புகள். 'பொறுப்பில் மட்டும் இருந்தவர்கள் மேலாளர் பட்டியலில் சேர மாட்டார்கள்' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டிருந்தவரும் ஒரு 'மேலாளர் (பொறுப்பு)'தான்.

அந்தக் கடிதத்தை அவர் கிழிக்கவில்லை, திட்டவுமில்லை. நேராகப் பழைய அலுவலகத்துக்குப் போனார். உடைந்த மேசைகளோடு சேர்த்து வெளியே போட்டிருந்த பழைய பலகையைக் காவலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றரை அங்குலக் கனமுள்ள தேக்கு. மச்சினனின் வேனில் வீட்டுக்கு வந்தது.

பலகையை வைத்துக் கிதார் செய்வானேன் என்று மனைவி கேட்டாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ரேடியோவில், ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் நேரம் மிச்சமாகிவிட்டால், ஒரு மெட்டை ஓடவிடுவார்கள். வாசித்தவர் யார், மெட்டு எது என்று யாரும் சொன்னதில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல், ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டே போய் நிற்கிற மாதிரி ஒரு ஒலி. செய்தி வாசிப்பவர் தொண்டையைச் செருமியதும் பாதியில் அறுந்துவிடும். நிகழ்ச்சிகளுக்கு நடுவில் பொறுப்பில் இருந்த மெட்டு. அந்த மெட்டை, மடியில் கிடத்தி வாசிக்கிற கிதாரில், தந்திகள்மேல் ஓர் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கிறார்கள் என்பது ஐம்பது வருடம் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது. அதற்குள் முத்திரை குத்திக் குத்தி இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதை நிறுத்திவிட்டிருந்தன. சாதாரணக் கிதார் கற்றுத்தருகிற ஒருவர் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, "நீங்க பாட்டு கேளுங்க சார், அதுவும் ஒரு கலைதான்" என்று அனுப்பிவைத்தார். இரும்புத் துண்டைப் பிடிக்க மடங்காத விரல் போதும். இதையெல்லாம் மனைவியிடம் சொல்லாமல், "ஓய்வுபெற்றோர் சங்க ஆண்டு விழாவுல வாசிக்கப்போறேன்" என்று மட்டும் சொன்னார். "தலைமை யாரு தெரியுமா? சுருக்கம்."

சுருக்கம் என்பவர்தான் அந்தப் புதிய மேலாளர். 'சுருக்கமாகச் சொன்னால்' என்று ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார் என்பதால் வந்த பெயர்.

"அவரு முன்னாடி வாசிக்கணும்னா செய்றீங்க?"

"வாசிச்சு முடிச்சிட்டு அவருக்கு ஒண்ணு காட்டணும்."

"என்னத்த?"

பொறுப்பு ரம்பத்தில் எண்ணெய் தடவுவதில் மும்முரமாகிவிட்டார்.

பலகையில் இருந்த பத்தொன்பது பேரில் இரண்டே பேர் முழுசாக வருமாறு அறுத்தார்: மேலே இறந்துபோனவர், கீழே சுருக்கம், நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம். மிச்சம் பதினேழு மேலாளர்களையும் மனைவி எடுத்துப்போய் வாசலில் செருப்பு வைக்கிற தட்டாக்கிக்கொண்டாள். பெயர் உள்ள பக்கத்தை அடிப்பக்கமாக வைத்து, வெறும் பக்கத்தை மேலாக்கி இழைத்தார். தலைப்பக்கம் முறுக்காணிகள் கடையில் வாங்கியவை. தந்திகளை உயர்த்திப் பிடிக்க ஜன்னல் சட்டத்திலிருந்து ஓர் அலுமினியத் துண்டு, வால் பக்கம் தந்திகள் ஏறி இறங்க ஒரு பித்தளைக் கம்பி. அதற்குப் பெயர் பிரிட்ஜ். வழுக்குவதற்கான இரும்பு, மச்சினன் கடையில் கிடந்த பம்ப் ஷாஃப்ட்டின் நறுக்கு, கண்ணாடியாகத் தேய்த்தது. இழைக்க ஆறு நாள், உப்புத்தாள் போட ஒன்பது நாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "கடையிலயே கெடைக்குமே சார்" என்றார். "பெயரும் கடையில கெடைக்கும்" என்றார் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் அதன் பொருளைப் பற்றி இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

தந்தியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிற சுருளைத்தான் வீட்டில் செய்ய முடியவில்லை. மச்சினன் மோட்டார் காயில் சுற்றுகிறவன். அவன் கடையில் உள்ளே போவதென்றால் மின்விசிறிகளின் பிணங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். அலமாரிக் கதவு காந்தங்கள் மேல் ஆறாயிரம் சுற்றுச் சுற்றவேண்டும் என்று பொறுப்பு சொன்னதும் அவன் கம்பியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான்.

"மாமா, இது தலைமுடிய விட மெலிசு. உங்க தலைமுடிய சொல்லல, இருக்கிறவங்க தலைமுடிய சொல்றேன்."

"சுத்து."

"அறுந்துபோகும்."

"அறுந்தா மறுபடி சுத்து."

அவன் கைப்பிடியைச் சுற்ற, பொறுப்பு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சுற்றுகளைக் காட்டும் எண்ணி ஓடிக்கொண்டிருந்தது. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் அறுந்தது.

"ஒட்டவெச்சுக்கலாம் மாமா. உள்ள போயிடும், யாரு பாக்கப்போறா?"

"நான் பாத்துட்டேன்ல. மொதல்லருந்து சுத்து."

மறுநாள் ஐயாயிரத்து நாற்பதில் அறுந்தது. மச்சினன் எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு, வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தான். பொறுப்பு அதே இடத்தில் விரல் நடுவில் அறுந்த கம்பியோடு உட்கார்ந்திருந்தார். "எங்க அக்காவ நெனச்சா எனக்கு இப்பதான் புரியுது" என்று சொல்லிவிட்டு அவன் சுருளைக் கழற்றினான். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறாயிரம் ஆனது.

இரும்பை எந்த இடத்தில் வைத்தால் எந்தச் சுரம் வரும் என்று காட்ட மேல்பக்கம் கோடுகள் போடவேண்டும். அதுதான் அவருக்குப் பிடித்த வேலை. கோடு போட்டுக் கோடு போட்டே முப்பத்துநாலு வருடம் கழித்தவர். தலைப்பக்கத்திலிருந்து பிரிட்ஜுக்கு ஐந்நூற்று எண்பது மில்லிமீட்டர். அதற்கான இடைவெளிகளை ஒரு அட்டவணையில் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக அளந்து, ஓவியம் வரைகிற மெல்லிய தூரிகையால் தங்க நிறத்தில் கோடு இழுத்து, மேலே மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தார். கோடுகள் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. மனைவியே, "அழகா இருக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படிச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் பயம்கூட வந்தது.

மச்சினன் கடையிலிருந்து ஒரு பழைய ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து இணைத்தான். பொறுப்பு கிதாரை மடியில் கிடத்தி, முதல் தந்தியைத் தட்டி, இரும்பை மெல்ல வழுக்கினார். அந்த ஒலி வந்தது. ஈரத் தரையில் வழுக்குகிற அதே ஒலி. அப்போது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, பன்னெண்டாவது கோட்டுல வெச்சா வெறுந்தந்தி சத்தமே மேல கேக்கும்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. இப்ப அங்கதான் வெச்சிருக்கேன்."

"அதில்லீங்க இது. கிட்டத்துல இருக்கு. ராங் நம்பர் மாதிரி. ஒரே ஒரு நம்பர்தான் தப்பு, ஆனா வேற வீடு."

அவள், வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசிய காலத்தில், தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தாறு வருடம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். மணி அடிக்கிற விதத்தை வைத்தே எந்த ஊர் இணைப்பு என்று சொல்லிவிடுவாள். அவள் காதைப் பற்றி ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கணவருக்கு மட்டும் இருந்தது.

"கோடு சரியா இருக்கு. ஸ்கேல் வெச்சுப் போட்டது."

"ஸ்கேலுக்குக் காது இருக்கா?"

அடுத்த நான்கு நாட்கள் பொறுப்பு தந்திகளை மாற்றினார். முறுக்காணிகளைச் சந்தேகப்பட்டார். காற்றில் ஈரப்பதம் கூடிவிட்டதாக அறிவித்தார். சுருளில் ஆறாயிரத்துக்குப் பதில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்தான் சுற்றியிருப்பான் என்று மச்சினனுக்குத் தொலைபேசி செய்தார். அவன், "மாமா, நீங்கதான பக்கத்துல உக்காந்து எண்ணினீங்க" என்றான். ஐந்தாம் நாள் மனைவி கடைக்குப் போயிருந்தபோது கதவைச் சாத்திவிட்டு, ஒரு குற்றவாளியைப் போல் ஸ்கேலை எடுத்தார். பன்னிரண்டாவது கோடு சரிபாதியில் இருக்கவேண்டும். இருநூற்றுத் தொண்ணூறு. இருந்தது இருநூற்றுத் தொண்ணூற்று ஏழு.

அவர் ஏழு மில்லிமீட்டரைத் தேட ஆரம்பித்தார். கணக்குப் போட்ட தாளை எடுத்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அட்டவணையில் முப்பத்திரண்டரைச் சொச்சம் என்றிருந்ததை முப்பத்துமூன்று என்று எழுதியிருந்தார். இருபத்தொன்பதுக்கு மேல் துளியே துளி என்றிருந்ததையும் முப்பதாக்கியிருந்தார். பன்னிரண்டு இடைவெளியிலும் அப்படியே. தண்ணீர் மீட்டரில் பின்னம் காட்டினால் அடுத்த முழு எண்ணாக ஏற்றி எழுது என்பது அலுவலக விதி. முப்பத்துநாலு வருடம் அந்த ஊர் குடிக்காத தண்ணீரையும் குடித்ததாக எழுதிய கை, தன் கிதாருக்கும் கொஞ்சம் ஏற்றி எழுதிவிட்டது. எழுதும்போது அவருக்குத் தெரியக்கூட இல்லை. கை பாட்டுக்குச் செய்திருந்தது.

மனைவி திரும்பி வந்தபோது அவர் தாளை மறைக்கவில்லை. "ஏழு மில்லிமீட்டர்" என்றார். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, சிரிக்காமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடித்தாள்.

மச்சினன் வந்து பார்த்துவிட்டு, "தின்னர் போட்டுத் துடைச்சா கோடு போயிடும் மாமா. அரை மணி வேலை" என்றான்.

"மூணு பூச்சு வார்னிஷ். கீழ மரம் கறுத்துப்போகும். அடிச்சுத் திருத்தின பேப்பர் மாதிரி இருக்கும். அதத் தூக்கிக்கிட்டு அவரு முன்னாடி போய் உக்காரச் சொல்றியா?"

"அப்ப தப்பான கோட்டோட போய் உக்காருங்க."

"விழாவுக்கு ரெண்டு மாசம் இருக்கு. வேற பலகை..." என்று பொறுப்பு ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வேறு பலகை ஏது? வேறு பலகையில் அந்த வெற்றிடம் ஏது?

மனைவி காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "மீட்டருக்கு ஏத்த மாதிரி தண்ணிய ஏத்தினவருதான நீங்க? கோட்டுக்கு ஏத்த மாதிரி கிதார ஏத்திருங்க."

"என்ன ஒளர்ற?"

"கோடு நகராது. அந்தப் பித்தளைக் கம்பி நகரும்ல? பன்னெண்டாவது கோடு பாதியா வர்ற எடத்துக்கு அதத் தள்ளுங்க."

அவர் தாளைத் திருப்பி மறுபக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். இருநூற்றுத் தொண்ணூற்று ஏழு பாதி என்றால் முழுசு ஐந்நூற்றுத் தொண்ணூற்று நாலு. பிரிட்ஜைப் பதினான்கு மில்லிமீட்டர் பின்னால் தள்ளவேண்டும். அந்த நீளத்துக்கு மற்ற பதினொரு கோடுகளும் எங்கே வரவேண்டும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். இந்த முறை பின்னத்தோடு. மூன்று பக்கம் ஆனது. பன்னிரண்டு கோடுகளில் ஒன்றுகூட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தப்பில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்றி எழுதியதால் தப்பெல்லாம் சேர்ந்து ஓர் ஒழுங்குக்கு வந்திருந்தது. பிறகு திருப்புளியை எடுத்துப் பிரிட்ஜைக் கழற்றினார். பழைய இரண்டு துளைகளையும் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தார்.

இரும்பைப் பன்னிரண்டாவது கோட்டில் வைத்துத் தட்டினார். சமையலறையில் நறுக்குகிற சத்தம் நின்றது.

"இப்ப அதே வீடு" என்றாள் அவள்.

இரண்டு மாதம் அந்த ஒரே மெட்டு. காலை ஏழிலிருந்து எட்டு, சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு. முதல் வாரம் அது வலியில் முனகுகிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மூன்றாம் வாரம் முனகல் அழுகையானது. ஆறாம் வாரம் அவர் கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்க்காமலே போய் நிற்க ஆரம்பித்தார். மடங்காத இரண்டு விரல்களும் இரும்பின் பின்னால் தந்திகள்மேல் சும்மா கிடந்து இரைச்சலை அடக்குவதற்கென்றே அளவெடுத்துச் செய்தவைபோல் இருந்தன. நிகழ்ச்சி நிரல் தபாலில் வந்தது. ஒன்பதாவதாக இருந்தார்: 'இசை: ஐந்து நிமிடம் (நேரம் இருப்பின்).' பொறுப்பு அந்த அடைப்புக்குறியைக் கொஞ்ச நேரம் முறைத்தார்.

விழா அன்று விடியற்காலையில், மனைவி எழுந்திருப்பதற்கு முன், தங்க நிறப் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கிதாரைக் கவிழ்த்து வைத்தார். மேலே இறந்தவர், கீழே சுருக்கம், நடுவில் மூன்று விரல் வெற்றிடம். இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு வெட்கம்தான் காரணம். தன் பெயரைத் தானே எழுதிக்கொள்கிறவனைப் பார்த்து அவரே எவ்வளவோ சிரித்திருக்கிறார். ஆனால் இன்றைக்கு இல்லையென்றால் என்றைக்கும் இல்லை. பலகை எழுதியவனின் எழுத்தையே பார்த்துப் பார்த்து, தன் பெயரை எழுதினார். பக்கத்தில் 'மேலாளர்' என்று எழுதினார். அத்தோடு நிறுத்துவதாகத்தான் முடிவு செய்திருந்தார். தூரிகை நிற்கவில்லை. இல்லாததை ஏற்றி எழுதினால் என்ன ஆகும் என்று கிதாரே ஒரு முறை காட்டிவிட்டது. அடைப்புக்குறி போட்டு, உள்ளே 'பொறுப்பு' என்று எழுதி, அடைப்புக்குறியை மூடினார். மூன்று பெயரும் வரிசையாக, நடுவில் இடம் விடுபடாமல் இருந்தன. பெயின்ட் டப்பாவில் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடி உள்ளே இருந்ததால் அவர் அதைப் படிக்கவில்லை.

"கருநீலக் கால்சட்டை போடுங்க, மேடைல எடுப்பா இருக்கும்" என்றாள் மனைவி.

"வெள்ளைதான். இன்னிக்கு வெள்ளைதான்."

மண்டபத்தில் நூற்றுச் சொச்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னாள் மீட்டர் கணக்கெடுப்பாளர்களும் முன்னாள் எழுத்தர்களும் ஒருவர் ரத்த அழுத்தத்தை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பை மேடையின் ஓரத்தில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கிதாரை மடியில் கிடத்தி, அது சறுக்காமல் இருக்க இரண்டு முன்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எட்டாவது நிகழ்ச்சி, தலைவர் உரை.

"சுருக்கமாகச் சொன்னால்" என்று ஆரம்பித்தார் சுருக்கம்.

பத்து நிமிடத்தில் அவர் நதிகளின் தோற்றத்துக்கு வந்தார். இருபத்தைந்தாவது நிமிடத்தில் குழாய் என்ற கருத்து மனித மனத்தில் எப்படி உதித்தது என்று விளக்கினார். நாற்பதாவது நிமிடத்தில், தான் பொறுப்பேற்றபோது அலுவலகம் பதினோரு மாதம் தலைமையே இல்லாமல் தத்தளித்துக்கொண்டிருந்ததை நினைவுகூர்ந்தார். பொறுப்பு கிதாரை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மண்டபத்தில் புழுக்கம். தொடையில் வியர்த்து வழிந்தது. ஐம்பதாவது நிமிடத்தில் சங்கச் செயலாளர் குனிந்து குனிந்து வந்து பொறுப்பின் காதில், "மண்டபத்த இன்னும் கால் மணி நேரத்துல விடணும் சார். உங்களுத அடுத்த வருஷம் வெச்சுக்கலாமா?" என்றார்.

"மாட்டேன்" என்றார் பொறுப்பு.

அவர் வாழ்க்கையில் ஒரு செயலாளரிடம் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் முறை. செயலாளர் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் குனிந்தபடியே நின்றார். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. உரத்த குரல் அல்ல. சீரான, உணர்ச்சியே இல்லாத, கம்பி வழியாக வருகிற மாதிரியான குரல்.

"மூன்று நிமிடம் முடிந்தது. நீட்டிக்க வேண்டுமா?"

டிரங்க் கால் காலத்தில் பேசிப் பழகியவர்கள் அனைவருக்கும் அந்தக் குரல் எலும்பில் ஊறியிருந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை பேச்சின் நடுவில் வந்து நிற்கும். பதில் சொல்லாவிட்டால் இணைப்பு போய்விடும். மண்டபத்தில் நாலைந்து பேர் தங்களையறியாமல் காதில் கை வைத்தார்கள். நதிக்கரை நாகரிகத்தின் நடுவில் இருந்த சுருக்கம் திடுக்கிட்டு, "வேண்டாம், வேண்டாம், முடிச்சுட்டேன், வெக்கிறேன்" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் என்ன நடந்தது என்று யோசிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரிசையில் பொறுப்பின் மனைவி கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

பொறுப்பு வாசித்தார்.

முதல் வழுக்கல் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவதில் சரியாகிவிட்டது. நிகழ்ச்சிக்கும் செய்திக்கும் நடுவில் ஓடிய அந்த மெட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக யாரும் தொண்டையைச் செருமாமல், பாதியில் அறுக்காமல், அதன் கடைசிவரை போனது. கடைசியில் என்ன இருக்கிறது என்று பொறுப்புக்கே தெரியாது. அங்கே அவராக ஒரு முடிவு வைத்திருந்தார். இரும்பு மேலே ஏறிப் பன்னிரண்டாவது கோட்டில் போய் நின்று, கொஞ்சம் நடுங்கி, அடங்கியது. குழாய் வெடித்த அன்று அவரோடு சேற்றில் நின்ற பழைய ஃபிட்டர் ஒருவர் மூக்கைச் சிந்திவிட்டு, மண்டபத்தில் தூசி அதிகம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் புகார் சொன்னார். கைதட்டல் நிஜமாகவே வந்தது. மச்சினன் நாற்காலிமேல் ஏறி நின்று தட்டினான்.

சுருக்கம் எழுந்து வந்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சு. சுருக்கமா..." என்று சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையை ஒரு முறை பார்த்து, "நல்லா இருந்துச்சு. எங்க வாங்கினது?" என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் பொறுப்பு மாதக்கணக்கில் காத்திருந்தார். கண்ணாடி முன்னால் பலமுறை பழகியும் வைத்திருந்தார். பதில் சொல்லாமல் எழுந்து நின்றார். கிதாரை இரண்டு கையாலும் தூக்கி, தலைக்கு மேலே உயர்த்தி, பெயர்கள் இருந்த பக்கத்தைச் சபைக்குத் திருப்பினார்.

முன்வரிசையில் ஒருவர் இறந்துபோனவரின் பெயரை வாய்விட்டுப் படித்தார். இன்னொருவர் சுருக்கத்தின் பெயரைப் படித்தார்.

"நடுவுல என்னப்பா அது, தேச்சுவிட்ட மாதிரி?" என்றது ஒரு குரல்.

"நல்லாப் படிங்க" என்றார் பொறுப்பு, முகம் மலர. "நடுவுல இருக்கிறதத்தான் படிக்கணும்."

மூன்றாவது வரிசையில் அவருடைய மனைவி பலகையைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் கீழே பார்த்துக்கொண்டு, மெதுவாக எழுந்து நின்றாள். சுருக்கமும் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தன.

தொடைகளுக்கு நடுவில் வந்த இரண்டு எழுத்துகள் மட்டும் பலகையிலேயே தங்கிவிட்டன. காயாத பெயின்ட்டின் மீதி எல்லாம் வெள்ளைக் கால்சட்டையின் இரண்டு தொடைகளிலும் தங்க நிறத்தில் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. அடைப்புக்குறிகள் மட்டும் சரியாக இருந்தன.